படிக்கட்டு இல்லாத மலை

எங்களுக்கு மலை என்றால் படிக்கட்டு. திண்டுக்கல்லில் வளர்ந்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். ஊருக்கு நடுவே நிற்கிற பாறைக்கோட்டைக்குப் படி உண்டு. பழனிக்குப் படி உண்டு. மலை என்று ஒன்று இருந்தால் அதன் உச்சியில் கோயிலோ கோட்டையோ இருக்கும். அங்கே போக யாரோ எப்போதோ படி வெட்டி, ஓரத்தில் சுவரும் எழுப்பி வைத்திருப்பார்கள். மூச்சு வாங்கினால் உட்கார ஒரு மண்டபமும் இருக்கும். ஆகவே, இமயமலைக்குப் போவதென்று நாங்கள் மூன்று பேர் முடிவு செய்த அன்று நான் முதலில் போட்ட கணக்கு, அது எத்தனை பழனி என்பதுதான்.

"இருபத்தஞ்சு பழனி," என்றேன். நாங்கள் போக நினைத்த பிண்டாரிப் பனியாறு பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. பழனிமலை தரையிலிருந்து ஐந்நூறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வகுத்தால் வருகிறது. "ஒரு நாளைக்கு அஞ்சு பழனி ஏறுனாப் போதும். அஞ்சே நாள்ல உச்சி."

"எறங்குறத யாரு கணக்குல சேக்குறது?" என்றான் பூந்தோட்டத்துக்காரன்.

அவனைப் பற்றியும் மற்றவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பூந்தோட்டத்துக்காரன் ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்துக் கிராமம். வீட்டில் மல்லிகையும் கத்தரியும் தென்னையும். என்னோடு காலேஜ் வரை வந்தவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் அது நமக்குப் பிடிக்காததாக இருக்கும். இன்னொருவன் தோல் ஷாப்புக்காரன். அவனுடைய அத்தா, அதாவது அப்பா, ஊரின் தெற்கே தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்தார். அவன் பக்கத்தில் வந்தாலே ஆவாரம்பட்டை வாசனை முதலில் வரும், சிரிப்பு இரண்டாவதாக வரும். மூன்றாமவன் நான். பி.ஏ. முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். நாலு பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது போக மீதி நேரம் முழுவதும் எங்கேயாவது போக வேண்டும் என்று கால் துடித்துக்கொண்டிருந்தது.

ஐம்பதுகளின் கடைசி அது. எவரெஸ்ட் உச்சியில் இரண்டு பேர் நின்றார்கள் என்ற செய்தி நாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது வந்தது. பத்திரிகையில் வந்த மங்கலான படத்தைக் கத்தரித்துப் பூகோளப் புத்தகத்துக்குள் ஒட்டினவர்கள் நாங்கள். காலேஜ் முடிந்தும் அந்தக் கிறுக்கு விடவில்லை. நூலகத்தில் ஒரு வெள்ளைக்காரக் காட்டு அதிகாரி எழுதிய பழைய பயணப் புத்தகம் கிடைத்தது. அதில்தான் பிண்டாரிக்குப் போகும் வழி இருந்தது. எந்த ஊரில் தங்க வேண்டும், எங்கே ஆற்றைக் கடக்க வேண்டும், எங்கே முதல் சிகரம் தெரியும், எல்லாம். புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருந்தேன். அதை எனக்கு முன் எடுத்தவர் யாரும் இல்லை என்று நூலகர் சொன்னதில் எனக்குப் பெருமை.

புத்தகம் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொன்னது: வழிகாட்டி இல்லாமல் போகாதே. வழிகாட்டிக்கு நான் எங்கே போவேன்? அந்தப் பக்கத்து மலை ஊர் ஒன்றின் போஸ்ட் மாஸ்டருக்கே ஒரு கடிதம் எழுதினேன். 'ஐயா, தங்கள் ஊரில் நம்பிக்கையான மலை வழிகாட்டி யாராவது இருந்தால் இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்கவும்.' தோல் ஷாப்புக்காரன் விழுந்து விழுந்து சிரித்தான். "நம்ம போஸ்ட் ஆபீசுக்கு எவனாச்சும் இப்படி எழுதினா என்ன செய்வாக? அதுல வடை மடிச்சுத் திம்பாக."

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. வழிகாட்டி சொல்லச் சொல்ல யாரோ ஒரு வாத்தியார் எழுதிய இங்கிலீஷ். எழுத்து முத்து முத்தாக இருந்தது, சங்கதி கடுமையாக இருந்தது. மூன்று பேருக்குக் குறைந்தால் அவர் வரமாட்டார். சித்திரை, வைகாசியில் மழைக்கு முன்னால் வர வேண்டும். கூடவே அனுப்பியிருந்த படிவத்தில் ஒவ்வொருவரைப் பற்றியும் வயது, நோய், ஏறின மலை எல்லாவற்றையும் எழுதி, கூட்டத்தின் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: உயரத்தில் ஓரமாக நடந்தால் யாருக்காவது தலை சுற்றுமா? அதற்குக் காரணமும் எழுதியிருந்தார். துவாளி என்ற தங்குமிடத்துக்கும் பூர்க்கியா என்ற தங்குமிடத்துக்கும் நடுவே மலை சரிந்து தடம் அறுந்துபோன இடம் ஒன்று உண்டு. பலகை போட்டிருக்கிறது. அங்கே நடுவில் ஒருவன் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நின்றுபோவார்கள். பனி உருகுகிற மத்தியான நேரத்தில் அப்படி நிற்பது நல்லதல்ல. 'உண்மையை எழுதுங்கள். நான் உங்களைப் பார்த்ததில்லை.'

நாங்கள் அந்தக் கேள்வியைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக்கூட இல்லை. தலையாவது, சுற்றுவதாவது.

அப்போதிருந்து விடியற்காலை ஐந்தரைக்குக் கோட்டைப் படி. முதுகில் மணல் மூட்டை. படியேறி உச்சிக்குப் போய், பாழ்மண்டபத்தைத் தொட்டுவிட்டு இறங்குவது. காற்று வாங்க வருகிற பெரியவர்கள் முதல் வாரம் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். இரண்டாம் வாரம் ஒருவர் கேட்டேவிட்டார்.

"என்னாப்பு, மேல கட்டடம் எதும் கட்டுறாகளா?"

"இல்லைங்கய்யா. இமயமலைக்குப் போறோம்."

"இந்த மணல அங்கிட்டா கொண்டுபோறீக?"

ஒரு மாதத்தில் இருபது தடவை ஏறினோம். அதை அப்படியே வழிகாட்டிக்கு எழுதினேன், மூட்டையின் எடை உட்பட. பதிலுக்கு ஒரு கார்டு வந்தது. இரண்டே வரி. 'அந்த மலையில் படிகள் உண்டா? உண்டென்றால் அதை எழுத வேண்டாம்.'

எங்களுக்கு மானம் போயிற்று. தோல் ஷாப்புக்காரனுக்குக் கோபமே வந்துவிட்டது. "படி இல்லாத மலைக்கு எவன் போவான்? அதுல என்னா இருக்கும்?" என்றான். யோசித்துப் பார்த்தால் எங்கள் மூன்று பேருக்கும் அதேதான் எண்ணம். இருபது வருஷமாகக் கண்ணெதிரே மேற்கிலும் கிழக்கிலும் மலைகள் நீலமாக நிற்கின்றன. அவற்றில் ஏறுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தோன்றியதில்லை. காரணம் இருந்தால் படி இருந்திருக்குமே.

இதற்கு நடுவே பூட்ஸ். அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை.

பனியில் நடக்கிற பூட்ஸ் எங்கே கிடைக்கும்? தோலே எங்கள் ஊரில் இருக்கும்போது எதற்காக மதறாஸுக்கு எழுத வேண்டும் என்றான் தோல் ஷாப்புக்காரன். அவன் அத்தாவிடம் சேணமும் செருப்பும் தைக்கிற ஒருவர் இருந்தார். முப்பது வயதிருக்கும். நாங்கள் அண்ணன் என்போம். வாயில் நாலு ஆணியைக் கவ்விக்கொண்டேதான் பேசுவார், ஒரு சொல்லும் தவறாது. புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எருமைத்தோலில் அடி, அதில் வரிசை வரிசையாக ஆணிக்கொண்டை, கணுக்கால் வரை மேல்தோல். மாசி வெயிலில் எங்கள் மூன்று பேர் காலையும் காகிதத்தில் வைத்துக் கோடு போட்டு அளவெடுத்தார். பதினைந்து நாளில் மூன்று ஜோடி தயார். விளக்கெண்ணெய் பூசிப் பளபளவென்று வைத்திருந்தார். போட்டுப் பார்த்தோம். கையுறை மாதிரிக் கவ்வியது. அண்ணனைத் தூக்கிச் சுற்றாத குறை.

அதே வாரம் பூந்தோட்டத்துக்காரனின் சித்தப்பா கொடைக்கானலிலிருந்து கம்பளிக் காலுறை கொண்டுவந்தார். சீமைக்குத் திரும்பிப்போகிற யாரோ வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியது. ஒவ்வொன்றும் பலாச்சுளை கனம். ஒருவன் இரண்டு போட வேண்டும் என்று புத்தகம் சொல்லியது. போட்டோம். பூட்ஸுக்குள் குதிகால்கூட நுழையவில்லை.

அண்ணன் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"கால அளந்து தைக்கச் சொன்னீக. தச்சேன். காலு கம்பளி போத்திக்கிட்டு வரும்னு ஒருத்தரும் சொல்லலையே."

எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, அதுதான் உண்மை. காலுறை என்ற பண்டத்தையே போலீஸ்காரர் காலிலும் பாதிரியார் காலிலும் பார்த்தவர்கள் நாங்கள். மறுபடியும் தைத்தார். இம்முறை கம்பளியைச் சுற்றி அளவெடுத்தார். "இதப் போட்டுக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடக்குறீகன்னு நான் கண்ணால பாக்கணும்," என்றார். அப்படித்தான் ஒத்திகை ஏற்றத்துக்கு அவரும் எங்களோடு சேர்ந்தார். பூட்ஸ் பிய்ந்தால் வழியில் தைக்க ஊசியும் நூலும் மெழுகும் எடுத்துக்கொண்டார். அவர் காலில் மட்டும் ஒன்றும் இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு நான் சொன்னது காசிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் என்று. அவள் பயந்தது வேறு விஷயத்துக்கு. "அங்கன வெஞ்சனத்துக்கு என்ன செய்வீக?" என்று கேட்டுக் கேட்டு மூன்று படி பருப்புப்பொடி இடித்துவிட்டாள்.

ஒத்திகைக்கு மேற்கு மலையைத் தேர்ந்தெடுத்தது பூந்தோட்டத்துக்காரன். ஆத்தூருக்கு மேற்கே அடிவாரத்திலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஒற்றையடித் தடம் போகிறது. மேலேயிருந்து வாழைத்தாரும் பலாவும் ஆரஞ்சும் தலைச்சுமையாக அதில்தான் இறங்கும். படி கிடையாது. ஒரு நாள் ஏறி, மேலே தங்கி, மறுநாள் இறங்குவது என்று திட்டம். நோட்டில் மணிவாரியாக எழுதியிருந்தேன், எங்கே எத்தனை மடக்குத் தண்ணீர் என்பது முதற்கொண்டு.

காக்கி அரைக்கால் சட்டை, கம்பளிக் காலுறை, ஆணி பூட்ஸ், முதுகில் மூட்டை. இந்தக் கோலத்தில் மூன்று பேர் மலையேறினால் அன்றைக்கு யாருக்கும் ஒரே அர்த்தம்தான். மதுவிலக்குக் காலம், சாராயம் பிடிக்க வருகிற போலீஸ். முதல் திருப்பத்தில் நாங்கள் தெரிந்ததும் மேலே எங்கேயோ ஒரு சீழ்க்கை கேட்டது. அதற்கும் மேலே இன்னொன்று. அப்புறம் புதர் சலசலத்து யாரோ ஓடுகிற சத்தம். மரத்தடியில் ஒரு கிழவர் மட்டும் ஓடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் வாழத்தாருக்காரன் சாமி. ஏங்கிட்ட ஒண்ணும் கெடையாது. மோந்து பாத்துக்கங்க," என்று வாயைத் திறந்து காட்டினார்.

தோல் ஷாப்புக்காரன் மிகவும் கண்டிப்பான முகத்தோடு மோந்து பார்த்து, "சரி, போகலாம்," என்றான். சிரித்துச் சிரித்து அடுத்த பர்லாங்கு எங்களால் ஏற முடியவில்லை. எனக்கு இப்போதும் அந்தக் காலை நேரத்தை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. எல்லாம் கைக்குள் இருந்தது. மூச்சு சரியாக இருந்தது, பூட்ஸ் சரியாக இருந்தது, நோட்டில் எழுதின நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தோம். நான்தான் முன்னால்.

பதினோரு மணி வாக்கில் காடு விலகி ஒரு பாறை வந்தது. சுமைக்காரர்கள் அதைச் சாய்ந்த பாறை என்பார்கள். பெரிய வழுக்கைத்தலை மாதிரி ஒரே கல், பள்ளத்தாக்குப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். குறுக்கே இருபது எட்டுதான் இருக்கும். நடந்து நடந்து இரண்டடி அகலத்துக்குத் தேய்ந்து ஒரு தடம். ஒரு பக்கம் பாறை மேலே போகிறது. இன்னொரு பக்கம் ஒன்றும் இல்லை. கீழே எங்கேயோ மரங்களின் உச்சி, அதற்கும் கீழே ஒரு பருந்து, அது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டமிட்டது.

பறவையின் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை.

ஆறு எட்டு வைத்தேன். ஏழாவதில் பாறை முழுவதும் அந்தப் பக்கமாகச் சாய்வது போல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவனால் எழவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. உள்ளங்கை இரண்டையும் பாறையில் ஒட்டி, நெற்றியையும் அதில் வைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து என்னென்னவோ சொன்னார்கள். காதில் விழுந்தது, உடம்புக்குப் போய்ச் சேரவில்லை.

அந்நேரம் பார்த்து எதிர்ப்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் தலையில் பலாப்பழத்தோடு வந்து நின்றார்கள்.

"யாருப்பா அது, தடத்துல உக்காந்திருக்கது? ஏப்பு, எந்திரிச்சு வழிய விடுப்பு. சந்தைக்கு நேரமாச்சுல்ல."

"முடியலக்கா," என்றேன், பாறையைப் பார்த்து.

"முடியலைன்னா நாங்க எங்கிட்டுப் போக? பறந்தா?" என்றாள் முன்னால் நின்றவள். கழுத்து நடுங்காமல் சுமையோடு நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒருத்தி, "போலீசுக்குத் தல சுத்துதுடி," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதும் பழம் ஆடவில்லை.

பூட்ஸ் தைத்த அண்ணன்தான் வந்தார். வெறுங்கால் பாறையில் பல்லிக்கால் மாதிரிப் பதிந்தது. எனக்கு வெளிப்பக்கமாக, அந்த ஒன்றும் இல்லாத பக்கத்தில், வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். "தம்பி, எங்கணுக்காலப் புடிங்க. கண்ணத் தொறக்க வேணாம். நான் நவுண்டா நீங்களும் நவுளுங்க," என்றார். அப்படியே குண்டியால் தேய்த்துத் தேய்த்து, வந்த பக்கத்துக்கே என்னைக் கொண்டுவந்து சேர்த்தார். அந்தப் பெண்கள் எங்களைக் கடந்து இறங்கிப்போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, "செத்த நேரம் படுங்க, சரியாப் போகும்," என்றாள். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

மற்றவர்களை நான்தான் போகச் சொன்னேன். ஒத்திகையை முடித்தால்தான் கணக்கு. என் மூட்டையில்தான் அரிசியும் பருப்புப்பொடியும் இருந்தன. அதை அண்ணன் தூக்கிக்கொண்டார். மூன்று பேரும் அந்தப் பாறையைக் கடந்தார்கள். பூந்தோட்டத்துக்காரன் தன் வீட்டு வரப்பில் போவது மாதிரிப் போனான். நான் மலையிறங்கி, அவன் தோட்டத்துக் கிணற்றடியில் மறுநாள் மத்தியானம் வரை காத்திருந்தேன்.

வந்ததும் அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "நீ எப்பவாச்சும் தென்னமரம் ஏறிருக்கியா?"

"எங்க தெருவுல தென்னமரம் ஏதுடா?"

"அதான்," என்றான்.

அதோடு விட்டேனா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் தனியாகப் போனேன். வயிறு சரியில்லாததால்தான் அப்படி ஆயிற்று என்று எனக்கு நானே ஒரு வைத்தியர் ஆகியிருந்தேன். வெறும் வயிற்றோடு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, பாறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஐந்து எட்டு. அதற்கு அடுத்த ஞாயிறு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மூன்று எட்டு. நாலு காலில் திரும்பினேன். யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

படிவம் அனுப்ப வேண்டிய நாள் நெருங்கியது. தோல் ஷாப்பின் முன்னறையில் ஒரு மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். எதிர்ச் சந்தில் பூட்டுப் பட்டறையில் அரம் ராவுகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. வயது, நோய், ஏறின மலை எல்லாம் நிரப்பியாயிற்று. கடைசிக் கேள்வியில் பேனா நின்றது.

"'இல்ல'ன்னு போடு மாப்ள," என்றான் தோல் ஷாப்புக்காரன். "அந்தாளு என்ன வந்தா பாக்கப்போறாரு? அங்க போயிப் பாத்துக்கிருவோம்."

"அங்க போயி உக்காந்தா?"

"நான் ஒன்ன முதுகுல கட்டித் தூக்கிட்டுப் போறேன்."

"நீ ஒன்னையே தூக்க முடியாம ரெண்டாவது ஊத்துலயே நாக்கத் தள்ளுன," என்றான் பூந்தோட்டத்துக்காரன்.

"ஏலே, அது பூட்ஸு கனம்."

"பூட்ஸு தச்சவரு அங்கிட்டுத்தான் இருக்காரு. கேக்கப்போகுது."

நான் படிவத்தை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மூன்று நாள் வைத்திருந்தேன். பொய் எழுதுவதற்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது. உண்மையை எழுதினால் இரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள், இரண்டு பேருக்கு வழிகாட்டி வரமாட்டார், ஆக யாருமே போக முடியாது. மற்றவர்களுக்காகத்தான் மறைக்கிறேன் என்று எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அதனாலேயே சந்தேகம் வந்தது. எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒன்றரை வருஷமாக ராத்திரி கண்ணை மூடினால் அந்த வழிதான். டாக்குரிக் கணவாயில் ஏறி நின்றதும் வடக்கே சிகரங்கள் ஒரே வரிசையாகத் தெரியும் என்று புத்தகம் சொன்ன அந்த இடத்தில் நான் ஆயிரம் தடவை நின்றிருந்தேன்.

ஆனால் பலாப்பழத்தோடு நின்ற அந்தப் பெண் கண்ணை விட்டுப் போகவில்லை. என்னை அவள் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவள் நின்றாள். நான் உட்கார்ந்ததால் அவள் நின்றாள். அந்தச் சுமையோடு நின்றாள். அவள் இடத்தில், பனி உருகுகிற மத்தியானத்தில், பலகைக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்புக்காரனை நிறுத்திப் பார்த்தேன். அவன் நிச்சயம் என்னைத் தூக்க வருவான். அதுதான் பயமாக இருந்தது.

நாலாம் நாள் காலை தோல் ஷாப்புக்குப் போய் அண்ணன் எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணே, எனக்குப் பதிலா நீங்க போறீகளா?"

ஆணிகள் உள்ளங்கைக்கு வந்தன. "எங்கிட்டு? இமயமலைக்கா? எம்புட்டு நாளு?"

"போகவர ஒரு மாசம்."

"எனக்கு என்னா தம்பி அங்க?"

"பூட்ஸு நடக்குறதப் பாக்கணும்னீகளே."

அவர் கையில் இருந்த அடித்தோலைக் கீழே வைத்தார். "வீட்டுல கேட்டுச் சொல்றேன்," என்றார். மறுநாள் நான் கேட்கும் முன்பே சொன்னார்: "போகச் சொல்லிட்டா. பனின்னா எப்படி இருக்கும்னு ஒரு டப்பாவுல போட்டுக் கொண்டாரச் சொன்னா." தோல் ஷாப்புக்காரனின் அத்தாவும் மறுக்கவில்லை. "தச்சவன் கூடப் போனாத்தான் பூட்ஸும் புள்ளைகளும் ஊரு வந்து சேரும். போயிட்டு வரட்டும், இன்ஷா அல்லாஹ்," என்றார்.

படிவத்தில் என் விவரத்தை அடித்துவிட்டு அண்ணன் விவரத்தை எழுதினேன். கீழே என் பெயர் எழுதி, 'இவருக்குத் தலை சுற்றும், ஆகவே வரவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைத் தபாலில் சேர்த்துவிட்டுத்தான் வீடு திரும்பினேன்.

தோல் ஷாப்புக்காரன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி, என்னென்ன எடுக்கணும், சொல்லித் தொலை," என்றான்.

சொன்னேன். அப்படித் திட்டம் போட்டவன் ஒருவனும் இருந்திருக்கமாட்டான். போகாதவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் வரும். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு எப்படி மாறுவது, டில்லியில் எத்தனை மணி நேரம், பரேலியில் எந்த ரயில், தண்டவாளம் முடிகிற காத்கோதாமில் பஸ் எந்தப் பக்கம் நிற்கும், எல்லாம் ஒரு நோட்டு நிறைய. சித்திரை வெயிலில் ஒரு சாயங்காலம் ஸ்டேஷனில் அவர்களை ஏற்றிவிட்டேன். அண்ணன் முதல்முறையாகத் தன் பூட்ஸைத் தானே போட்டிருந்தார். கூச்சத்தில் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்து இழுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த நாட்களை நான் இரண்டு இடத்தில் இருந்து கழித்தேன். பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே, இன்றைக்கு லோஹார்கேத், நாளைக்குக் கணவாய், மறுநாள் காத்தி என்று நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துவந்தேன். ஊரே அனலாகக் கொதித்தது, ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். துவாளியிலிருந்து பூர்க்கியாவுக்குப் போகிற நாள் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வந்தார்கள். மூக்குத்தோல் உரிந்து, உதடு வெடித்து, மூன்று பேரும் கறுத்துப்போய் வந்தார்கள். அண்ணன் டப்பாவைக் கொண்டுவந்திருந்தார், உள்ளே கொஞ்சம் தண்ணீர். அவர் வீட்டில் அந்தத் தண்ணீரை எல்லோரும் ஆளுக்கொரு சொட்டுத் தொட்டுக்கொண்டார்களாம்.

அப்புறம் ஒரு மாதம் அதே பேச்சு. அந்தப் பேச்சில்தான் நானும் போய்வந்தேன் என்று சொல்ல வேண்டும். தோல் ஷாப்புக்காரன் கணவாய்க்கு முன்னால் ஆற்றைக் கடந்தோம் என்பான். "கணவாய்க்குப் பின்னால," என்பேன். காத்தியில் ஒரு ராத்திரி என்பான். "ரெண்டு ராத்திரி. மழைன்னு நேத்து நீயே சொன்ன." பூந்தோட்டத்துக்காரன் தலையாட்டுவான். "போயிட்டு வந்த எங்களைவிட இவனுக்குத்தான் தெரியுது," என்பான். தோல் ஷாப்புக்காரனுக்கு எரிச்சல் வரும், ஆனால் அடுத்த நாளும் என்னிடம்தான் வந்து சொல்வான்.

அந்தப் பலகை இடத்தைப் பற்றி முதல் நாளே சொல்லிவிட்டான். "மாப்ள, நீ வராததே நல்லது. ரெண்டடிப் பலகை. கீழ பாத்தா ஆறு நூலு மாதிரி. எனக்கே கால் ஆடிருச்சு." பூந்தோட்டத்துக்காரன் அப்போது வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு மனம் ஆறியது. சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்ற நிம்மதி பல மாதம் என்னோடு இருந்தது.

ஐப்பசி மழையில் என் பழைய செருப்புக்கு அடி மாற்ற அண்ணனிடம் போயிருந்தேன். பேச்சு எங்கேயோ போய் அங்கே வந்தது.

"அந்த எடத்துல உங்களுக்கும் பயமா இருந்துச்சாண்ணே? பலகையில?"

"எந்தப் பலக? துவாளி தாண்டியா? அத எடுத்துட்டாகளே தம்பி. அந்த வழிகாட்டி நமக்குக் கடுதாசி போட்ட பெறகு மலைய வெட்டித் தடத்த அகலமாக்கிட்டாகளாம். கோவேறு கழுத ரெண்டு பக்கமும் மூட்டையோட போகுது." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். "ஷாப்புத் தம்பி ஒங்ககிட்டச் சொல்லலையா?"

"சொன்னான்," என்றேன்.

வீடுவரை நனைந்துகொண்டே நடந்தேன். கோவேறு கழுதைக்கு வழி இருந்த இடத்தில் எனக்கு வழி இருந்திருக்கும். முதலில் நினைத்தது அதைத்தான். வீடு வந்து துவட்டிக்கொள்ளும்போதுதான் இன்னொன்று உறைத்தது. தோல் ஷாப்புக்காரன் என்னிடம் பேசாமல் இருந்தவன். பொய் எழுதச் சொன்னவன். வெட்டி அகலமாக்கின தடத்தை எனக்காக மறுபடியும் அறுத்து, அதில் ஒரு பலகையையும் போட்டிருக்கிறான்.

இப்போது அவன் வாணியம்பாடிப் பக்கம் தொழில் பார்க்கிறான். பூந்தோட்டத்துக்காரன் தோட்டத்தை விட்டு நகர்வதில்லை. எனக்கு வேலை உத்தரவு வந்து, ஊர் ஊராக மாற்றலும் ஆயிற்று. பெருநாளைக்கு அவன் ஊருக்கு வரும்போது மூன்று பேரும் ஒருநாள் சேர்வோம், பேச்சு இமயமலைக்குப் போகும். கணவாயையும் ஆற்றையும் அவன் மாற்றிச் சொல்ல, நான் விடாமல் திருத்துவேன். துவாளி தாண்டினால் மட்டும் வாயை மூடிக்கொண்டு கேட்பேன். இரண்டடியாக இருந்த பலகை ஒன்றரை அடியாயிற்று, அப்புறம் ஒரு அடியாயிற்று. போன பெருநாளைக்கு அது ஒரு சாண்.

"கீழ பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"பாத்திருந்தா வந்து சேந்திருப்பனா மாப்ள?" என்றான்.